நானோ நிறுவனங்களின் பென்னி பங்குகள்: அறிவியல் ஜெயித்தும் பங்குதாரர் தோற்றது ஏன்?

2003 டிசம்பர் 3 அன்று அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் நானோ தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். நான்கு ஆண்டுகளுக்கு சுமார் 370 கோடி டாலர் செலவிட அது வழி செய்தது. 2015-க்குள் நானோ சார்ந்த பொருட்களின் சந்தை ஒரு லட்சம் கோடி டாலரைத் தொடும் என்று அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை ஏற்கெனவே கணித்திருந்தது. பங்குச் சந்தை சும்மா இருக்குமா? நானோமெட்ரிக்ஸ் என்று ஒரு கலிபோர்னியா நிறுவனம். சிப் தயாரிப்பவர்களுக்கு அளவிடும் கருவிகள் விற்பது அதன் தொழில். 1975-ல் தொடங்கியது. சந்தையில் அப்போது அதன் குறியீடு 'நானோ'. அந்த நான்கு ஆங்கில எழுத்துகளுக்காகவே பலர் அந்தப் பங்கை வாங்கினார்கள். 2004 ஏப்ரலில் மெரில் லிஞ்ச் ஒரு நானோ குறியீட்டெண் வெளியிட்டது. அதில் இடம்பெற்ற சில நிறுவனங்களுக்கும் நானோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேள்வி எழுந்ததும் பட்டியலைத் திருத்த வேண்டியதாயிற்று.

அதே மாதம் நானோசிஸ் என்ற நிறுவனம் 10 கோடி டாலருக்கு மேல் திரட்டப் பொதுப் பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பித்தது. அதன் கையில் காப்புரிமைகள் குவிந்திருந்தன, விற்க ஒரு பொருள் கிடையாது. ஆகஸ்டில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அப்போது அதைத் தோல்வி என்றுதான் எழுதினார்கள். நானோசிஸ் பிற்பாடு குவாண்டம் டாட் எனும் ஒளிரும் நானோ துகள்களைச் செய்து தொலைக்காட்சித் திரைகளுக்கு விற்றது. 2023-ல் அந்தத் தொழிலை ஜப்பானின் ஷோய் கெமிக்கல் வாங்கியது. நடுவில் கழிந்த பத்தொன்பது ஆண்டுகளின் செலவைத் துணிகர முதலீட்டாளர்கள் தாங்கினார்கள். அந்தப் பங்கு வெளியீடு நடந்திருந்தால், அதில் பெரும்பகுதியைச் சாதாரணச் சில்லறை முதலீட்டாளர் சுமந்திருப்பார்.

சிறிய நானோ நிறுவனத்தின் பங்கை வாங்கலாமா என்ற பேச்சு பெரும்பாலும் "இந்தத் தொழில்நுட்பம் வேலை செய்யுமா?" என்றே தொடங்கும். கடந்த இருபத்தைந்து ஆண்டு வரலாற்றைப் புரட்டினால், பணம் போட்டவரின் தலையெழுத்தை அந்தக் கேள்வி தீர்மானித்ததே அபூர்வம் என்று தெரிகிறது. பல இடங்களில் தொழில்நுட்பம் வேலை செய்தது, பங்குதாரரின் பணம் மட்டும் வேலை செய்யவில்லை.

முதலில் பென்னி பங்கு என்பது எது என்று பார்த்துவிடலாம். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமான எஸ்.இ.சி. பொதுவாக 5 டாலருக்குக் கீழே விற்கும், பெரிய சந்தைகளில் பட்டியலிடப்படாத சிறு பங்குகளை இப்படி வகைப்படுத்துகிறது. 1990-ல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. இவற்றை வாடிக்கையாளருக்கு விற்கும் தரகர் அபாயங்களை எழுத்தில் தர வேண்டும் என்ற விதியும் அதையொட்டி வந்ததே. நடைமுறையில், ஒரு டாலருக்குக் கீழே போய்விட்ட நாஸ்டாக் பங்கையும் மக்கள் பென்னி என்றே சொல்கிறார்கள். லண்டனின் ஏ.ஐ.எம். சந்தையில் உண்மையிலேயே பென்ஸ் கணக்கில் விற்கும் பங்குகள் ஏராளம்.

விலை குறைவு என்பது மலிவு ஆகாது. இருபது சென்ட் பங்கைக் கண்டதும் "இது இரண்டு டாலர் ஆனால் பத்து மடங்கு" என்று மனம் கணக்குப் போடும். எத்தனை கோடிப் பங்குகள் வெளியே இருக்கின்றன என்று அது கேட்பதில்லை. நானோ நிறுவனங்களில் மாட்டிக்கொள்வது இந்த எண்ணிக்கையில்தான். அதற்குக் காரணம் இத்துறையின் இயல்பிலேயே இருக்கிறது.

நானோ என்பது தனித் தொழில் அல்ல. பல தொழில்களுக்குள் நுழையும் ஒரு சேர்மானம். சூரிய ஒளிக்குப் பூசும் கிரீமில் துத்தநாக ஆக்சைடு, பேட்டரியின் மின்முனையில் கார்பன் நானோ குழாய், தொலைக்காட்சித் திரையில் குவாண்டம் டாட் என்று எங்கும் சிட்டிகை அளவில்தான் போகிறது. பொருளை வாங்குகிறவர் காசு கொடுப்பது தொலைக்காட்சிக்கு. அந்தக் காசில் டாட் தயாரித்தவரின் கைக்கு வருவது சொற்பம். அதையும் பெறுவதற்கு முன் மாதிரி அனுப்பி, சோதனை முடிந்து, ஆலை அளவில் உற்பத்தி செய்து காட்டி, பாதுகாப்பு அனுமதியும் வாங்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வேலை இது. பெரிய முதலீடு கையில் இருந்தாலும் சிக்கல் தீராது. ஜெர்மனியின் பேயர் நிறுவனம் லெவர்குசனில் ஆண்டுக்கு 200 டன் கார்பன் நானோ குழாய் தயாரிக்க ஆலை கட்டிவிட்டு, 2013-ல் அந்தத் தொழிலையே கைவிட்டது. சரக்கு இருந்தது, வாங்க ஆள் இல்லை. இன்று லித்தியம் பேட்டரிகளில் அதே குழாய்கள் டன் கணக்கில் போகின்றன, அதில் சீன நிறுவனங்கள் பெரும்பங்கு வகிக்கின்றன. பேயர் நஷ்டத்தை விழுங்கிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டது. கையில் ஒன்றரை ஆண்டுக்கான பணம் மட்டும் இருக்கும் ஒரு சிறு நிறுவனத்தால் அப்படிக் காத்திருக்க முடியாது.

வங்கி இவர்களுக்குக் கடன் தராது. அடமானம் வைக்கக் காப்புரிமையையும் சில கருவிகளையும் தவிர வேறொன்றும் கிடையாது. ஆகவே இவர்கள் பங்கை அச்சடித்துத்தான் ஆய்வகத்தை நடத்த வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கு: 10 கோடிப் பங்குகள், விலை 20 சென்ட், சந்தை மதிப்பு 2 கோடி டாலர். ஆண்டுச் செலவு 50 லட்சம் டாலர். சந்தை விலையைவிடக் குறைத்துக் கொடுத்தால்தான் வாங்க ஆள் வருவார் என்பதால் 16 சென்ட்டுக்கு விற்கிறார்கள். அப்படியானால் 3 கோடியே 12 லட்சத்துக்கும் மேலான புதுப் பங்குகள் வேண்டும். உங்களிடம் 10 லட்சம் பங்குகள் இருந்து ஒரு சதவீத உரிமை இருந்தால், அது 0.76 சதவீதம் ஆகிவிடும். அடுத்த ஆண்டு விலை 10 சென்ட்டுக்கு இறங்கி, 8 சென்ட்டுக்கு இன்னொரு சுற்று விற்றால் 0.52 சதவீதம். இரண்டே ஆண்டில் நிறுவனத்தில் உங்கள் பங்கு ஏறக்குறையப் பாதி. இதற்குள் ஆய்வகத்தில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை; எல்லாம் திட்டப்படியே நடந்திருக்கலாம். புதுப் பங்கோடு இனாமாகக் கொடுக்கும் வாரண்ட்களை, அதாவது பின்னாளில் குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமைகளை, இதில் நான் சேர்க்கவில்லை.

இதைவிடக் கொடியது, பங்காக மாற்றிக்கொள்ளத்தக்க கடன்பத்திரம். கடன் கொடுத்தவர் அதை எந்த விலையில் பங்காக மாற்றலாம் என்பது நிலையாக இருக்காது. அண்மை வாரங்களின் மிகக் குறைந்த விலையிலிருந்தும் கணிசமாகத் தள்ளுபடி செய்து கணக்கிடுவார்கள். விலை எவ்வளவு விழுகிறதோ அவ்வளவு அதிகப் பங்குகள் அவருக்கு. அவர் மாற்றி மாற்றி விற்க, விலை மேலும் விழும். இத்தகைய பத்திரம் ஒன்று நிறுவனத்தின் அறிக்கையில் தென்பட்டால், அங்கே தொழில்நுட்பத்தைப் பற்றிப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கருத்து.

அடுத்து ரிவர்ஸ் ஸ்ப்லிட். நாஸ்டாக்கில் தொடர்ந்து 30 வர்த்தக நாட்கள் ஒரு டாலருக்குக் கீழே விலை இருந்தால் எச்சரிக்கைக் கடிதம் வரும். சரிசெய்ய 180 நாள் அவகாசம் உண்டு. உடனே பத்துப் பங்கை ஒன்றாகவோ இருபதை ஒன்றாகவோ சேர்த்துவிடுவார்கள். ஐந்து நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்து ஓர் ஐந்நூறு ரூபாய்த் தாள் வாங்குவதுபோலத்தான். மதிப்பு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஆனால் அதன் பிறகு மறுபடியும் புதுப் பங்கு அச்சடிக்க இடம் கிடைத்துவிடுகிறது.

இவையெல்லாம் சேர்ந்து என்ன செய்யும் என்பதற்கு நானோஸ்பியர் போதும். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் சாட் மிர்கின் ஆய்வுகளிலிருந்து பிறந்த நிறுவனம். தங்க நானோ துகள்களைக் கொண்டு ரத்தத்தில் பரவும் தொற்றுக் கிருமியை விரைவாகக் கண்டறியும் கருவியை அது உருவாக்கியது. அமெரிக்க மருந்து ஆணையத்தின் அனுமதி பெற்றது. மருத்துவமனைகளில் விற்கவும் செய்தது. இதைவிட ஓர் அறிவியல் வெற்றி வேண்டுமா? 2007 நவம்பரில் பங்கு ஒன்று 14 டாலருக்கு வெளியிடப்பட்டது. 2015-ல் இருபது பங்கை ஒன்றாகச் சேர்த்தார்கள். 2016-ல் லுமினெக்ஸ் நிறுவனம் பங்குக்கு 1.70 டாலர் கொடுத்து முழுவதையும் வாங்கியது. அதுவும் போட்டி வந்ததால் 1.35-லிருந்து ஏற்றிய விலை. தொடக்கத்தில் வாங்கியவரின் கணக்கில் அவர் கொடுத்தது 280 டாலர், கைக்கு வந்தது 1.70. கருவி அதன் பிறகும் லுமினெக்ஸ் பெயரில் விற்றுக்கொண்டிருந்தது.

நெவாடாவின் ஆல்டேர் நானோடெக்னாலஜீஸ் கதையும் இதே சாயல். சீக்கிரம் சார்ஜ் ஏறும், நீண்ட நாள் உழைக்கும் லித்தியம் டைட்டனேட் பேட்டரியை அது செய்து காட்டியது. 2010-ல் நான்குக்கு ஒன்று, 2012-ல் ஆறுக்கு ஒன்று என்று பங்குகளைச் சேர்த்தது. பெரும்பான்மைப் பங்கு சீன முதலீட்டாளர் கைக்குப் போய், நிறுவனமே சீனாவை நோக்கி நகர்ந்தது. 2014-ல் ஆண்டறிக்கையை உரிய காலத்தில் தாக்கல் செய்யாததால் நாஸ்டாக்கிலிருந்து நீக்கப்பட்டது. அதே வகை பேட்டரியோடு பேருந்துகள் சீன நகரங்களில் ஓடின.

காப்புரிமையை நம்பி வாங்குவோர் ஒரு தனி ரகம். "ஒரு பெரிய நிறுவனம் இவர்களிடம் மண்டியிட்டாக வேண்டும்" என்பது அவர்களின் நம்பிக்கை. இதற்கு இரண்டு வழக்குகளை விரிவாகப் பார்ப்பது நல்லது. ஒன்றில் நிறுவனம் தோற்றது, மற்றதில் ஜெயித்தது.

டெக்சஸின் ஆஸ்டின் நகரில் எஸ்.ஐ. டயமண்ட் டெக்னாலஜி என்று ஒரு நிறுவனம் இருந்தது. கார்பன் படலத்திலிருந்து எலெக்ட்ரான்களை உமிழச் செய்து தட்டைத் திரை உருவாக்குவது அதன் ஆராய்ச்சி. 1999-ல் ஜப்பானின் கேனன் நிறுவனம் ஒரே தவணையாக சுமார் 56 லட்சம் டாலர் கொடுத்து அந்தக் காப்புரிமைகளைப் பயன்படுத்த உரிமம் வாங்கியது. 2003-ல் இந்நிறுவனம் நானோ-ப்ரொப்ரைட்டரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆண்டைக் கவனியுங்கள். 2004-ல் கேனனும் தோஷிபாவும் சேர்ந்து அத்தகைய திரை தயாரிக்க எஸ்.இ.டி. என்ற கூட்டு நிறுவனம் தொடங்கின. உரிமம் கேனனுக்கும் அதன் துணை நிறுவனங்களுக்கும் மட்டுமே, தோஷிபா கலந்த கூட்டு நிறுவனத்துக்குச் செல்லாது என்று 2005-ல் வழக்குப் போட்டது சிறிய நிறுவனம். எஸ்.இ.டி. திரை கண்காட்சிகளில் எல்லோரையும் அசத்திக்கொண்டிருந்த நேரம் அது. ஆளாளுக்குத் தொலைக்காட்சி ஒன்றுக்கு இத்தனை டாலர் ராயல்டி என்று பெருக்கிப் பார்த்தார்கள்.

2007 ஜனவரியில் தோஷிபா தன் பங்கைக் கேனனுக்கே விற்றுவிட்டு விலகியது. பிப்ரவரியில் நீதிபதி, ஒப்பந்தம் மீறப்பட்டது, அதைச் சிறிய நிறுவனம் ரத்து செய்தது செல்லும் என்றார். கொண்டாட்டம்தான். மே மாதம் நடுவர் குழு இழப்பீடாக ஒரு காசும் தரவில்லை. 2008 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த உரிமத்தைத் திரும்பப் பெறவே முடியாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது என்று சொல்லி ரத்தை ரத்து செய்தது. அதற்குள் எல்.சி.டி. திரைகளின் விலை அதலபாதாளத்துக்குப் போயிருந்தது. 2010-ல் கேனன் எஸ்.இ.டி. தொலைக்காட்சித் திட்டத்தையே கைவிட்டது. ராயல்டி கணக்குப் போட்டவர்கள் ஒருவரும் அந்த ஒப்பந்தத்தின் ஒற்றைச் சொல்லையோ, எல்.சி.டி. விலையையோ கணக்கில் சேர்க்கவில்லை. நிறுவனம் அப்ளைடு நானோடெக் என்று மீண்டும் பெயர் மாறி, 2014-ல் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து பென் இன்க் ஆயிற்று. தற்செயலான பெயர்ப் பொருத்தம்!

இரண்டாவது, மான்செஸ்டரின் நானோகோ. காட்மியம் இல்லாத குவாண்டம் டாட் தயாரிப்பதில் இவர்கள் முன்னோடிகள். பங்கு பல ஆண்டுகள் பென்ஸ் கணக்கில் கிடந்தது. 2019-ல் பெயர் வெளியிடாத அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவர் ஒப்பந்தத்தைத் தொடரப்போவதில்லை என்று அறிவித்ததும் பங்கு சரிந்தது. 2020 பிப்ரவரியில் நானோகோ சாம்சங் மீது டெக்சஸில் காப்புரிமை வழக்குத் தொடுத்தது. சாம்சங் அந்தக் காப்புரிமைகளே செல்லாது என்று எதிர்த்தது. 2022-ல் காப்புரிமை வாரியம் நானோகோ பக்கம் நின்றது. 2023 தொடக்கத்தில், விசாரணை தொடங்கவிருந்த வேளையில் 15 கோடி டாலருக்குச் சமரசம் ஆயிற்று. முழு வெற்றி என்றே சொல்ல வேண்டும். ஆனால் சமரசச் செய்தி வந்ததும் பங்கு விலை இறங்கியது. சந்தை அதைவிடப் பெரிய தொகையை முன்கூட்டியே விலையில் ஏற்றி வைத்திருந்தது. கிடைத்த தொகையிலும் வழக்குக்குப் பணம் போட்டவர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் கணிசமாகப் போயிற்று. அடிமட்ட விலையில் வாங்கியவர் லாபம் பார்த்தார். நம்பிக்கை உச்சத்தில் இருந்தபோது வாங்கியவர், வழக்கில் ஜெயித்தும் பணத்தை இழந்தார். அதே 2023-ல்தான் குவாண்டம் டாட் கண்டுபிடிப்புக்காக பவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது.

ஓரணு தடிமனான கார்பன் படலமாகிய கிராபீன் கிளப்பிய அலை பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அதே நாடகம், வேறு மேடை. கைம், நோவோசெலோவ் இருவரும் 2010-ல் நோபல் வாங்கிய பின், 2013 வாக்கில் பல சிறு நிறுவனங்கள் ஏ.ஐ.எம். சந்தைக்கு வந்தன. டர்ஹம் பல்கலைக்கழகத்திலிருந்து கிளம்பிய அப்ளைடு கிராபீன் மெட்டீரியல்ஸ் 155 பென்ஸுக்குப் பங்கு வெளியிட்டு, பத்து ஆண்டு கழித்துத் தொழிலைச் சொற்ப விலைக்கு விற்றது. வெர்சாரியன் 2018-ல் ஒன்றரை பவுண்டுக்கும் மேலே ஏறி, பிறகு ஒரு பென்னிக்கும் கீழே வந்தது.

இதுவரை சொன்னவை எல்லாம் நிஜமான ஆய்வகமும் நிஜமான விஞ்ஞானிகளும் இருந்த நிறுவனங்கள். அதுவும் இல்லாத ஒரு கீழ்த்தளம் இருக்கிறது. சுரங்கமோ உணவகமோ நடத்திப் படுத்துப்போன ஒரு ஷெல் கம்பெனியை வாங்கி, நானோ என்று பெயர் சூட்டி, தினம் ஒரு செய்திக்குறிப்பு விட்டு, விலையை ஏற்றிக் கையிலிருப்பதை விற்றுவிட்டுப் போவது. நம்மூர்ச் சந்தையில் 'ஆபரேட்டர்' செய்யும் அதே வேலை. பெயர் மாற்றத்துக்கே சந்தை மயங்கும் என்பது ஆராய்ச்சியில் நிரூபணமானது: டாட்காம் என்று பெயர் மாற்றிய நிறுவனங்களை ஆராய்ந்த கூப்பர், டிமிட்ரோவ், ராவ் ஆகியோர், அறிவிப்பை ஒட்டிய பத்து நாட்களில் மட்டும் 74 சதவீத அளவுக்கு இயல்பை மீறிய ஏற்றம் இருந்ததை 2001-ல் காட்டினார்கள். இணையத்தோடு உண்மையில் தொடர்பு இருந்ததா என்பது அந்த ஏற்றத்தைப் பாதிக்கவில்லை. அமெரிக்கச் சட்டப்படி, பணம் வாங்கிக்கொண்டு ஒரு பங்கைப் புகழ்பவர் அதை வெளியிட வேண்டும். வெளியிடத்தான் செய்கிறார்கள், அடியில் பொடி எழுத்தில். 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விதி, நிறுவனத் தகவல் பொதுவில் இல்லாத பங்குகளுக்குத் தரகர்கள் விலை குறிப்பதைக் கட்டுப்படுத்தியது. ஒரு குப்பைக் கூட்டம் அதில் ஒழிந்தது. தகவலை ஒழுங்காகத் தாக்கல் செய்தபடியே பங்கை அச்சடிக்கும் நிறுவனத்தை எந்த விதியும் தடுக்காது.

ஒட்டுமொத்தப் புள்ளிவிவரமும் ஆறுதல் தராது. 1926 முதலான அமெரிக்கப் பங்குகளை ஆராய்ந்த ஹென்ட்ரிக் பெசெம்பைண்டர், ஏழில் நான்கு பங்குகள் தம் வாழ்நாளில் அரசின் குறுகிய காலக் கருவூலப் பத்திரம் அளவுக்குக்கூட ஈட்டவில்லை என்று 2018-ல் எழுதினார். சந்தை உருவாக்கிய நிகரச் செல்வம் முழுவதும் நான்கு சதவீத நிறுவனங்களிலிருந்து வந்தது. இது பெரிய சந்தைகளில் பட்டியலான பங்குகளின் கதை. அவற்றுக்கு வெளியே விற்கும் பங்குகளை ஆராய்ந்த எரேக்கர், ரெடி இருவரும் சராசரி வருமானமே ஆழ்ந்த நஷ்டம் என்று கண்டார்கள். லாட்டரி போலப் பெரும் பரிசு காட்டும் பங்குக்கு மக்கள் அதிக விலை கொடுக்கிறார்கள் என்பது அவர்கள் விளக்கம். எனவே "பத்து நானோ பங்குகளை வாங்கிப் போட்டால் ஒன்றாவது காப்பாற்றும்" என்ற வாதமும் நிற்காது. டைனி என்ற குறியீட்டோடு நாஸ்டாக்கில் இருந்த ஹாரிஸ் அண்ட் ஹாரிஸ் நிறுவனம் அதையே தொழிலாகச் செய்தது. அதுவும் துணிகர முதலீட்டாளராக, சில்லறை முதலீட்டாளருக்குக் கிடைக்காத நிபந்தனைகளோடு. 2017-ல் அது அந்தப் பாதையை விட்டு, 180 டிகிரி கேப்பிட்டல் என்று பெயர் மாற்றிக்கொண்டு வேறு பக்கம் திரும்பியது.

பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? கால்டெக்கோடு சேர்ந்து நானோ நிறுவனமாகத் தொடங்கிய ஆரோஹெட் ரிசர்ச், கார்பன் நானோ குழாய்த் தொழிலை விற்றுவிட்டு, 2011-ல் ரோஷ் நிறுவனத்தின் ஆர்.என்.ஏ. ஆய்வுப் பிரிவை வாங்கி மருந்து நிறுவனமாக மாறியது. நானோவை நம்பி வாங்கியவர் வேறொரு நிறுவனத்தில் கண்விழித்தார் என்று சொல்லலாம்.

இன்னும் பொருத்தமான உதாரணம் நானோஃபேஸ். ஆர்கோன் தேசிய ஆய்வகத்தின் தொழில்நுட்பத்தோடு 1989-ல் இல்லினாயில் தொடங்கி, 1997-ல் 8 டாலருக்குப் பங்கு வெளியிட்டது. பல ஆண்டுகள் துத்தநாக ஆக்சைடு பொடியை பி.ஏ.எஸ்.எஃப். போன்ற பெரிய நிறுவனங்களுக்கு விற்று, பெரும்பாலும் நஷ்டத்திலேயே ஓடியது. நாஸ்டாக்கிலிருந்து வெளியேறி, 2020-ல் ஒரு டாலருக்கும் வெகு கீழே விற்றது. இடையில் ஒரு முடிவு எடுத்தார்கள்: பொடியை மட்டும் விற்காமல், அதை வைத்து முழு அழகுசாதனப் பொருளையே தயாரித்து அழகுசாதன பிராண்டுகளுக்குக் கொடுப்பது. சொலெசென்ஸ் என்ற அந்தப் பிரிவு வளர்ந்து, 2024-ல் மொத்த விற்பனை 5 கோடி டாலரைத் தாண்டியது. நிறுவனமே அந்தப் பெயரைச் சூடிக்கொண்டு 2025-ல் நாஸ்டாக்குக்குத் திரும்பியது. துகள் புதிதல்ல, இறுதி வாடிக்கையாளரை நோக்கி ஒரு படி நகர்ந்ததுதான் புதிது. பெரும் பங்குதாரர் ஒருவர் கடன் கொடுத்துத் தாங்கியதால், கண்டபடி பங்கு அச்சடிக்கும் கட்டாயமும் குறைந்தது.

இதை 2020-ல் கண்டுகொள்ள ரகசியத் தகவல் எதுவும் தேவைப்படவில்லை. 10-கே எனப்படும் ஆண்டறிக்கையில், ஐந்தாண்டுகளில் மொத்தப் பங்குகள் எவ்வளவு கூடின, கையில் எத்தனை மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது, தொடர்ந்து இயங்குமா என்பதில் தணிக்கையாளர் சந்தேகம் எழுப்பியிருக்கிறாரா, கடன் எந்த நிபந்தனையில் வாங்கப்பட்டது, விற்பனையில் எவ்வளவு மானியம், எவ்வளவு பொருள் என்பதெல்லாம் எழுதியிருக்கும். எஸ்.இ.சி. தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பி அமெரிக்கப் பங்கு வாங்கும் நம்மவர்களுக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. செய்திக்குறிப்பில் 'உலகின் முதல்' என்று வரும் இடங்களை விட்டுவிட்டு, மேலே சொன்ன வரிகளை மட்டும் படித்தால் அரை மணி நேரம்கூட ஆகாது.

அதே அறிக்கையில்தான் சொலெசென்ஸின் விற்பனையில் பெரும்பகுதி விரல்விட்டு எண்ணக்கூடிய வாடிக்கையாளர்களிடமிருந்து வருகிறது என்பதும் இருக்கிறது. அவர்களில் ஒருவர் விலகினால் 2019-ன் நானோகோவுக்கு நேர்ந்ததே இங்கும் நேரலாம். 1997-ல் 8 டாலர் கொடுத்து வாங்கி விடாமல் வைத்திருந்தவருக்கு, நாஸ்டாக் திரும்பிய நாளிலும் போட்ட முதல் வரவில்லை.